மூன்றால் வகுத்த தேதி

ஏப்ரல் 4

பாசமுள்ள பாப்பாவுக்கு,

நான் சொன்னேனா இல்லையா? போன வருஷம் உன் வீட்டு மாடியில் சோலார் பலகை மாட்டிய அன்றைக்கே, ஏணியில் நின்றுகொண்டு தெருவே கேட்கும்படி சொன்னேன். "பாத்துக்கிட்டே இருங்க, அடுத்து பேட்டரிக்கு மானியம் குடுப்பாங்க, குடுத்த கையோட குறைப்பாங்க" என்று. மாப்பிள்ளை கீழே நின்று சிரித்தார். இப்போது பார். கொடுத்தார்கள். குறைக்கவும் போகிறார்கள். நான் சொன்ன வரிசை கூட மாறவில்லை. மந்திரிகளுக்கு யோசனை சொல்வது நீங்கள்தானா என்று இங்கே தெருவில் என்னைக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே போய்விடுகிறேன்.

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நான் நலம். உன் அத்தையும் நலம், என்னால் வரும் தலைவலி தவிர. மாப்பிள்ளைக்கு மூச்சு எப்படி இருக்கிறது? கல் அறுக்கும் பட்டறைத் தூசியை இத்தனை வருஷம் தின்ற நெஞ்சு, ஒரு வருஷ மருந்தில் சரியாகிவிடாது. ஆக்சிஜன் மெஷினைக் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறாய் அல்லவா? வெயில் ஏற ஏற மின்வெட்டும் ஏறும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று மின்சார ஆபீசுக்குப் போனேன். என் பில்லில் இருந்த தப்பைத் திருத்தப் போனேன் என்று உன் அத்தை சொல்வாள். அவர்களே ஆலோசனைக்கு அழைத்தார்கள் என்று வைத்துக்கொள். பெரிய இன்ஜினியர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். "ஐயா, இத்தனை வருஷமா பேட்டரி சார்ஜ் கடை வச்சிருந்த உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். கவனமாகக் கேள். வீட்டுப் பேட்டரிக்கான மானியம் ஜூலை ஒன்றாம் தேதி முதல் பாதியாகக் குறைகிறது. நீ அட்வான்ஸ் கொடுத்த தேதி அவர்களுக்கு வேண்டாம். ரசீது தேதியும் வேண்டாம். பேட்டரியைச் சுவரில் மாட்டி, கம்பி இழுத்து, சோதனை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற தேதிதான் கணக்கு. அந்தக் கையெழுத்து ஜூன் முடிவதற்குள் விழுந்தால் முழு மானியம். மறுநாள் விழுந்தால் பாதி. ஊரே கடைசி மாதத்தில் ஓடி வரும், மாட்டுகிறவர்களிடம் இடம் இருக்காது. ஆகையால் இந்த வாரமே பெயரைப் பதிந்துவை.

மாடியில்தான் சோலார் இருக்கிறதே, கரண்ட் போனால் அது ஓடாதா என்று நினைத்துவிடாதே. கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரி இருந்தால்தான் வீடு தனியாக ஓடும். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான் இப்போது உங்கள் கதை.

மாப்பிள்ளை நான் சொல்வதையெல்லாம் மூன்றால் வகுப்பார் என்று தெரியும். முப்பது பேர் வந்தார்கள் என்று நான் சொன்னால் பத்துப் பேர் என்று எடுத்துக்கொள்கிற குடும்பம் உங்களுடையது. என் அக்கா, உன் அம்மா, ஆரம்பித்துவைத்த பழக்கம். அவள் போன பிறகும் அவள் பெயரைச் சொல்ல அது ஒன்று இருக்கட்டும் என்று நான் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் தேதியை வகுக்காதே.

போன் வேண்டாம். கடைச் சத்தம் என் காதைத் தின்றுவிட்டது. போனில் யார் பேசினாலும் கொசு பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. எழுது.

சார்ஜ் இறங்காத உன்
மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இந்த வீட்டில் வெகுநாள் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கே உங்களுக்குக் கோடி நன்றி.

அவர் கடிதத்தை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்குப் போகாவிட்டாலும் காதில் பென்சில் இல்லாமல் அவருக்கு விடிவதில்லை. "பெரிய இன்ஜினியரை மூணால வகுத்தா வாட்ச்மேன். நாற்காலியை வகுத்தா ஒரு கால் தேறும். மாமா அதுல உக்காந்தாரா, நின்னாரான்னு கேட்டு எழுது" என்றார். பாதியாகக் குறையும் என்பதை வகுத்து, "ஏதோ கொஞ்சம் குறைப்பாங்க போல" என்றார். "ஜூலை ஒண்ணா? எந்த வருஷத்து ஜூலைன்னு மாமாவையே கேளு" என்றார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மெஷினைக் கொஞ்சம் கூட்டிவைத்த பிறகுதான் அடங்கியது. இருந்தாலும் சிரித்தார் மாமா. அது போதும்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் பொறுக்கலாம் என்று இருக்கிறோம். பட்டறையிலிருந்து அவருக்கு வர வேண்டிய தொகை மே கடைசியில்தான் கைக்கு வரும். இப்போது இருப்பதை எடுத்து அட்வான்ஸ் கொடுத்தால் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வழி இல்லை. தெருமுனையில் மின்விசிறி விற்கிறவர், "கவர்மெண்டு தேதி எந்தக் காலத்துலம்மா தேதியா இருந்திருக்கு? நீட்டிடுவாங்க" என்கிறார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் கரண்ட் போனது. சீக்கிரமே வந்துவிட்டது. ஓடும்போது அந்த மெஷின் சத்தம் தலைக்குள் அரம் வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்கும். நின்றுவிட்டால் எங்கே அந்தச் சத்தம் என்று காது தேடுகிறது. சிலிண்டரை மாட்டிச் சமாளித்தேன். மாடியில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். மருந்துக்கடையில் எனக்கு இப்போது தனி ஸ்டூல் போட்டுவிட்டார்கள். தினம் போகிறேன். நாற்காலி கொடுத்த பெருமை உங்களுக்கு மட்டும் இல்லை.

அன்புடன்,
பாப்பா


மே 11

பாப்பாவுக்கு,

உட்கார்ந்தேனா நின்றேனா என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். உட்கார்ந்தேன். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். போதுமா?

உன்னிடமிருந்து அப்புறம் ஒரு வரி இல்லை. உன் அத்தை, "அவளுக்கு ஆயிரம் வேலை, உங்களுக்குக் கடிதம் எழுதறதுதான் வேலையா?" என்கிறாள். எனக்குக் கோபம் இல்லை. அஞ்சாம் வகுப்பு வரை நான் படித்தேன், ஆறாம் வகுப்பு என்னைப் படிக்க மாட்டேன் என்றது. அப்படிப்பட்டவனே இரண்டு பக்கம் எழுதுகிறான், படித்த பெண் நீ ஒரு பக்கம் எழுதக் கூடாதா என்று மட்டும் கேட்கிறேன்.

பெயர் பதிந்தாயா? அந்த மின்விசிறிக்காரன் பேச்சைக் கேட்காதே. சுற்றுகிற பொருள் விற்கிறவன் பேச்சும் சுற்றும். எங்கள் தெருக் கோடியில் இருக்கும் தையல்காரர் நேற்று பதியப் போனார். ஜூன் தொடக்கத்தில்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள். தையல்காரரே பதிந்துவிட்டார்!

பேட்டரி வந்ததும் எனக்குச் சொல். அதற்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்று நானே வந்து காட்டுகிறேன். இந்தக் காலத்துப் பேட்டரிக்குத் தண்ணீர் கிடையாது, மூடியும் கிடையாது என்று தையல்காரர் சொல்கிறார். அவருக்குத் துணியைப் பற்றித் தெரியும்.

விளையாட்டெல்லாம் போகட்டும். தேதியை வகுக்காதே, பாப்பா.

மாமா


ஜூன் 2

மாமா,

நலம் எழுதும் நிலையில் இல்லை. நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம்.

இன்று காலை மின்சார ஆபீசுக்குப் போனேன். வாசல் பலகையிலேயே ஒட்டியிருக்கிறது. ஜூலை ஒன்று. பாதி. அதிகாரி கையெழுத்துப் போடும் தேதிதான் கணக்கு. நீங்கள் ஏப்ரலில் எழுதிய அதே வரிசை. மின்விசிறிக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், "அப்படியா? போட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு இறக்கையைத் துடைக்கிறார்.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மதியம் கரண்ட் போனது. சிலிண்டரை மாட்டினேன். மீட்டர் முள் அரைக்குக் கீழே இருந்தது. அடுத்த சிலிண்டர் கொண்டுவருகிறவர் அன்று வரவில்லை. கரண்ட் வந்துவிடும், வந்துவிடும் என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அவர் உதடு நீலமாக ஆரம்பித்தது. "பயப்படாதே" என்று கையால் காட்டினார். அந்தக் கையைப் பிடித்தால் நகமெல்லாம் நீலம். எதிர் வீட்டுக்காரர் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில், செருப்புக் கூட இல்லாமல் நின்றேன் மாமா. டாக்டர் என்னைத்தான் திட்டினார். "கரண்டுக்கு மாற்று ஏற்பாடு இல்லாம இவரை வீட்ல வச்சிருக்கீங்களே, இந்தக் கோடையை எப்படித் தாண்டுவீங்க?" என்றார். கட்டில் காலி இல்லை என்று மறுநாளே அனுப்பியும் விட்டார்கள்.

பட்டறைத் தொகை வந்துவிட்டது. முழு மானியம் கிடைத்தால் அது சரியாகப் போதும். பாதி மானியம் என்றால் எட்டாது. கடன் கேட்கவும் இனி ஆள் இல்லை. எல்லாக் கம்பெனிக்கும் போய்விட்டேன். எல்லோரும் ஆகஸ்ட் என்கிறார்கள். ஒருவர், "ஏம்மா, ஏப்ரல்லயே சொல்லியிருந்தா அடுத்த வாரமே மாட்டியிருப்பேனே" என்றார். ஏப்ரலில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். "இனிமே மாமா சொன்னா சொன்னதுதான். வகுக்கறது இல்லை" என்றார். உங்களுக்கு எழுதச் சொன்னதும் அவர்தான்.

உங்களுக்கு யாரையாவது தெரியுமா? ஜூனுக்குள் வந்து மாட்டிக் கொடுக்கிற மாதிரி யாரையாவது? தெரியும் என்று சொல்லுங்கள் மாமா.

பாப்பா


ஜூன் 5

என் தங்கமான பாப்பாவுக்கு,

தெரியுமாவா? யாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது! கண்ணைத் துடைத்துக்கொள். மாப்பிள்ளையைச் சாய்வாக உட்காரவைத்து இதைச் சத்தமாகப் படி.

என் கடையில் வேலை கற்றவன் ஒருவன் இருக்கிறான். இடதுகைக்காரன். ஸ்பேனர் பிடிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வலதுகை ஸ்பேனர் அவனுக்கு ஒத்துவராமல் அழுதபோது, இரும்புப் பட்டறையில் சொல்லி இடதுகை ஸ்பேனர் ஒன்று தனியாக அடித்து வாங்கிக்கொடுத்தேன். இன்றைக்கு அவன் பெரிய சோலார் கம்பெனி முதலாளி. வெள்ளை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நேற்று போய் நின்றேன். ஆபீசை விட்டு எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான், இடது கையால்தான். "உங்க அக்கா மகளுக்கா? சொல்லணுமா மாமா?" என்றான்.

ஜூன் 28, சனிக்கிழமை காலை. வெள்ளை வண்டியில் அவனே ஆட்களோடு வருகிறான். சோதனை அதிகாரியை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறான். மாட்டின சூட்டோடு கையெழுத்து. முழு மானியம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: நல்ல உயரமான ஏணி ஒன்று வாங்கித் தயாராக வை. அவனுடைய ஏணி வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வராந்தாச் சுவரைக் காலி பண்ணு. படுக்கிற அறையில் பேட்டரி மாட்டக் கூடாது. இது தையல்காரர் சொன்னது, அவர் வீட்டில் மாட்டியாகிவிட்டது.

இனி வகுக்கப் போவதில்லை என்று மாப்பிள்ளை சொன்ன வரியை உன் அத்தையிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். இந்த வயதில் எனக்குக் கிடைத்த பட்டம் அது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைரியமாக இரு.

உன்
மாமா


ஜூன் 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டின் முகமே மாறிவிட்டது. வராந்தாவில் இருந்த அலமாரியை நானும் எதிர் வீட்டுக்காரருமாக இழுத்து உள்ளே போட்டோம். அம்மா படத்தைக் கூடத்துக்கு மாற்றினேன். சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அவர் நாற்காலியை அதற்கு எதிரே போடச் சொன்னார். குழாயை நீட்டிக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அங்கதான் என் மூச்சை மாட்டப் போறாங்க. எடத்தைப் பாத்து வைக்கிறேன்" என்றார்.

ஏணியும் வந்துவிட்டது. பெயிண்டர் ஒருவருடையது. 28 வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இந்த வாரம் இரண்டு தடவை கரண்ட் போனது. எங்கள் தெரு மட்டும் இல்லை, பக்கத்துத் தெருக்களும்தான். ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்ப்பதும் அவர் நகத்தைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். சிலிண்டர்க்காரர் இனி வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தர முடியாது என்கிறார், எல்லோரும் கேட்கிறார்களாம். இருப்பதை எண்ணிப் பார்த்தால் 28 வரைக்கும் இழுக்கலாம். அதற்கு மேல் ஒரு வாரம் தாங்காது.

இன்னொரு விஷயம். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. யாரோ வேண்டாம் என்று விலகிவிட்டார்களாம், 24-ம் தேதி செவ்வாய்க்கிழமை ஒரு இடம் காலியாம், அதிகாரிக்கும் நேரம் வாங்கியாகிவிட்டதாம், வேண்டுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தடுத்துவிட்டார். "மாமா ஒருத்தர்கிட்டப் போய் வாக்கு வாங்கிட்டு வந்திருக்கார். அவரை அங்க தலைகுனிய வைக்கிறதா? ரெண்டு எடத்துல சொல்லிட்டு ஒருத்தரை ஏமாத்துறது நமக்கு வேண்டாம். அந்த எடம் நம்மள மாதிரி இன்னொருத்தருக்குப் போகட்டும்" என்றார். இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்கிறார். நான்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பார்களாம். அதற்குப் பிறகு வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவர் சொல்வதுதான் நியாயம். உங்கள் வார்த்தையை நாங்கள் ஒரு தடவை சிரித்துத் தள்ளி என்ன ஆனது என்று பார்த்துவிட்டோம். வியாழக்கிழமை அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த அண்ணனுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். அன்று மதியம் எல்லோரும் இங்கேதான் சாப்பிட வேண்டும். நீங்களும் அத்தையும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பாப்பா


ஜூன் 18, புதன்

பாப்பா,

இதைப் படித்துக்கொண்டு நிற்காதே. முதலில் போனை எடு. அந்தக் கம்பெனிக்குக் கூப்பிட்டு, "சரி, செவ்வாய்க்கிழமை வாங்க" என்று சொல். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

சொல்லாமலே படிக்கிறாய். எனக்குத் தெரியும், நீ என் அக்கா பெற்றது. போ. சொல்லிவிட்டு வா.

காலையில் உன் கடிதம் வந்தது. வந்ததும் எதிர்க்கடை போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை எடுத்தார். எனக்குத்தான் போனில் எதுவும் கேட்காதே, இன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "மாமா, உங்களுக்கு நான் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்" என்றார். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். அதுவும் கேட்டது. நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அன்றைக்கு வண்டி ஒன்று இல்லை, இரண்டு வருகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு வண்டி! என் வாயை என்ன செய்வது? பேச ஆரம்பித்தால் அது என்னைக் கேட்பதில்லை. எழுத்தில்தான் கொஞ்சம் அடங்குகிறது.

எழுத்திலும் லேசில் அடங்கவில்லை. இது மூன்றாவது தாள். முதல் தாளில் அவனுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். உன் அத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்தாள். இரண்டாவதில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று எழுதினேன். அதையும் கிழித்தாள். "நீங்க எழுதறீங்களா, நான் போன் போட்டுச் சொல்லட்டுமா? பஸ் கிளம்பற வரைக்கும்தான் உங்களுக்கு நேரம்" என்கிறாள். வாசல்படியில் எதிர்க்கடைக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பஸ் டிரைவர் எனக்கு நெருக்கமானவர், இது நிஜம், அவளையே கேள். உன் தெருமுனை மருந்துக்கடையில் இதைக் கொடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார். நீ தினம் அங்கே போகிறாய். நானே கொண்டுவந்திருக்கலாம். வந்தால் வாசலில் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் மூன்றாவது வண்டியையும் விட்டுவிடுவேன்.

என் வழக்கம் உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும். முதலில் சொல்லிவிடுவேன், அப்புறம் சொன்னதன் பின்னாலேயே ஓடி அதை நிஜமாக்கப் பார்ப்பேன். உன் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டேன் என்று நான் சொன்ன நேரத்தில் பிடித்திருக்கவில்லை. சொல்லிவிட்டு இரண்டு நாள் அலைந்து பிடித்தேன். யாருக்கும் தெரியாது. பாதி தடவை இப்படிப் பலித்திருக்கிறது. பலித்ததெல்லாம் நிஜம் என்றும் பலிக்காததை வகுத்தும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அதனால் எனக்குப் பயம் விட்டுப்போனது.

இந்தத் தடவையும் ஓடினேன். ஐந்தாம் தேதி உனக்குக் கடிதம் போட்ட கையோடு ஆரம்பித்தேன். கம்பெனி கம்பெனியாகப் போனேன். ஒரு இடத்தில் வாசலிலேயே காலையிலிருந்து உட்கார்ந்திருந்து, முதலாளி கார் வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டேன். "பெரியவரே, ஆகஸ்ட்டு" என்றான். என் கடையில் வேலை பார்த்தவன் ஒருவன் இருக்கத்தான் செய்கிறான். அவனையும் தேடிப் போனேன். அவன் செல்போன் உறை விற்கிறான், வலது கையால். தையல்காரரிடம் போய், உன் பேட்டரியைக் கழற்றிக் கொடு, என் அக்கா மகள் வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்று கூடக் கேட்டுவிட்டேன். பாவம், அந்த மனுஷன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஒருமுறை மாட்டி மானியம் வாங்கியதை இன்னொரு வீட்டில் மாட்டினால் மானியம் கிடையாதாம். அதையும் அவர்தான் பொறுமையாகச் சொன்னார். நேற்று வரைக்கும், இன்னும் நாள் இருக்கிறது, நிஜமாக்கிவிடுவேன் என்றுதான் உன் அத்தையிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு உன் கடிதத்தில் செவ்வாய்க்கிழமை என்று படித்தேன். நான் ஊரெல்லாம் அலைந்து கிடைக்காத இடம் உன் வீட்டு போனிலேயே வந்து நிற்கிறது. என் வார்த்தை போய் அதன் குறுக்கே நிற்கிறது.

"தெரியும் என்று சொல்லுங்கள் மாமா" என்று எழுதியிருந்தாய். உன் மேல் பழி போடவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுத் தெரியாது என்று எழுத என் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்பேனருக்கு இடதுகை வலதுகை கிடையாது, பாப்பா. காதில் பென்சிலோடு இருக்கிற பழைய மாப்பிள்ளையாக இருந்தால் அந்த வரியிலேயே என்னைப் பிடித்திருப்பார். பட்டறைக்காரர் அவர், அவருக்குத் தெரியாதா? பிடிக்கட்டும் என்றுதானோ என்னவோ அதை எழுதினேன். இந்தத் தடவை அவர் பிடிக்கவில்லை. அந்தப் பென்சிலை எடுத்து அவர் காதில் மறுபடி செருகிவிடு. என்னை இனி எதால் வேண்டுமானாலும் வகுக்கட்டும், மூன்றால், முப்பதால். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு உன் அத்தை வருவாள். நான் வருவதா வேண்டாமா என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

பஸ் ஹார்ன் அடிக்கிறது. உன் அத்தை எழுந்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை மட்டும் வகுக்காதே. ஏப்ரலில் நான் எழுதியதில் நாற்காலி பொய், தேதி நிஜம். வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, முன்னால் இருந்தவரிடம் குமாஸ்தா சொன்னதை எட்டிக் கேட்டேன். ஜூனில் எழுதியதில், நீ வாங்கி வைத்திருக்கிற அந்த ஏணி ஒன்றுதான் நிஜம். 28-ம் தேதி வெள்ளை வண்டி வராது. இடதுகைக்காரன் என்று யாரும் இல்லை.

மாமா